சூல்நோயும் சொல்நோயும்

தமிழில் வெளிவரும் கவிதையையும் கதையையும் நிறுத்துப் பார்த்துத் தரம் கூறும் நாம், தமிழில் எழுதப்படும் மருத்துவ உரைநடையை அவ்வாறு நிறுத்துப் பார்ப்பதில்லை. பொருந்தாத உவமையால் ஒரு கவிதை கெட்டால் கெடுவது கவிதை மட்டுமே. பொருந்தாத சொல்லால் ஒரு மருத்துவக் கட்டுரை கெட்டால், அதனை நம்பியவர் உடலுக்கும் கேடு வரலாம். ஆதலின் திறனாய்வு புகவேண்டிய இடங்களுள் மருத்துவத் தமிழும் ஒன்று என்பது என் துணிபு.

2024ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு, குறு ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூற்றைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவர்க்கும் வழங்கப்பட்டது. பல நோய்களோடு இம்மூலக்கூறுகளுக்குள்ள தொடர்பு இன்று ஆராயப்படுகிறது. அவற்றுள் ஒன்று கருவுற்ற மகளிர்க்கு வரும் 'முன்சூல்வலிப்பு'. உலகில் நூறு சூல்களுள் 2 முதல் 8 வரை இந்நோய்க்கு ஆளாகின்றன என்பது மருத்துவர் கணக்கு. இத்தகைய பொருளைத் தமிழில் எழுதுவோர் நோக்கவேண்டுவன மூன்று. சூட்டிய பெயர் பொருளுக்குப் பொருந்துகிறதா? காரணமும் காரியமும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளனவா? படித்து முடித்த தாய்க்கு ஏதேனும் கைக்கொள்ளக் கிடைக்கிறதா? இம்மூன்றையும் முறையே காண்போம்.

பெயரும் பொருளும்

'எக்லாம்சியா' என்னும் மேலைச் சொல் கிரேக்க மொழியினின்று வந்தது. மின்னல்போல் திடீரெனத் தோன்றுவது என்பது அதன் அடிப்பொருள். முன்னறிவிப்பின்றி வலிப்பு வந்து தாக்கியதால் அப்பெயர் பெற்றது. பிற்காலத்தார், வலிப்புக்கு முன்னரே இரத்த அழுத்தம் ஏறுவதையும் சிறுநீரில் புரதம் கழிவதையும் கண்டு, அந்நிலைக்கு 'முன்' என்னும் அடையைச் சேர்த்தனர். அதனை அப்படியே தமிழில் பெயர்த்ததே முன்சூல்வலிப்பு.

இச்சொல்லில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது இலக்கணக் குறை. முன் என்பது சூல்வலிப்பு என்னும் முழுச் சொல்லையும் தழுவினால், 'சூல்வலிப்புக்கு முன் வருவது' என்று நாம் வேண்டும் பொருள் கிடைக்கும். சூல் என்பதை மட்டும் தழுவினால், 'சூலின் முற்பகுதியில் வரும் வலிப்பு' என்றாகிவிடும். இதனை இலக்கணத்தார் கவர்படுபொருள் என்பர். உண்மையிலோ இந்நோய் இருபதாம் வாரத்துக்குப் பின்னரே தோன்றும். சிலர்க்குப் பிள்ளை பிறந்த பின்னருங்கூடத் தோன்றும். சொல்லைக் கண்டு முதல் மூன்று மாதம் கடந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று ஒருத்தி கருதினால் குற்றம் அவளுடையதன்று.

இரண்டாவது பொருட்குறை. இந்நோய் கொண்ட மகளிருள் பெரும்பாலோர்க்கு வலிப்பு வருவதேயில்லை. வலிப்பு வராமலே ஈரல் கெடலாம், சிறுநீரகம் கெடலாம், மூளையில் இரத்தம் கசியலாம். வராத ஒன்றின் பெயரை நோய்க்கு வைத்ததால், 'எனக்குத்தான் வலிப்பில்லையே' என்னும் தவறான ஆறுதலுக்குப் பெயரே இடங்கொடுக்கிறது.

கலைச்சொல் வேண்டாம் என்பது என் கருத்தன்று. 'சூல்வலிப்பின் முன்நோய்' என விரித்தெழுதினால் முதற்குறை நீங்கும். 'கருவுற்ற காலத்து இரத்த அழுத்தம் ஏறி, உடலுறுப்புகளைத் தாக்கும் நோய்' என்று ஒருமுறையேனும் விளக்கி எழுதினால் இரண்டாவதும் நீங்கும். இக்கட்டுரையில் இனி முன்நோய் என்றே சுட்டுவேன்.

நஞ்சு என்னும் சொல்

நோய் நிகழும் இடத்தைக் காட்டாமல் நோயை விளக்கல் இயலாது. முன்நோயின் பிறப்பிடம் நஞ்சுக்கொடி. பிள்ளைப்பேற்றுக்குப் பின் விழுவதை நம் மக்கள் நஞ்சு என்றே அழைப்பர். விழாது தங்கினால் தாயின் உயிர்க்கே இறுதியாகும் என்பதை அறிந்த வழக்கு அது. இலங்கைப் பாடநூலார் இவ்வுறுப்பைச் சூல்வித்தகம் என்பர். அச்சொல் அழகியது, ஆயினும் நம் தோட்டப்புறத்தில் எவர்க்கும் விளங்காது. நஞ்சுக்கொடி என்பதோ எவர்க்கும் விளங்கும். ஆனால் நஞ்சு என்ற பெயரால் அவ்வுறுப்பின் சிறப்பு மறைகிறது. குழந்தைக்கு மூச்சும் உணவும் வருவது அதன்வழியே. அன்றியும் அதன் பெரும்பகுதி தாயின் உடலால் ஆனதன்று. கருவினின்று வளர்ந்த உயிரணுக்களால் ஆனது. இதனை விளக்கியபின் நஞ்சுக்கொடி என்னும் வழக்குச்சொல்லையே ஆள்வது நன்று.

கரு பதிந்தபின், நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பையின் சுருள்நாடிகளுக்குள் புகுந்து, குறுகிய அந்நாடிகளை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. தாயின் இரத்தம் தடையின்றிப் பாய்வதற்கான ஏற்பாடு இது. முன்நோயில், சிறப்பாக முப்பத்து நான்காம் வாரத்துக்கு முன் தோன்றும் வகையில், இவ்வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. நாடி அகலாமையால் நஞ்சுக்கொடிக்கு உயிர்வளி போதவில்லை. நொந்த நஞ்சுக்கொடி சில பொருள்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது.

அப்பொருள்களுள் தலையாயது எஸ்.எஃப்.எல்.டி.-1 என்னும் புரதம். இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இது பற்றிக்கொண்டு, அவற்றைப் பயனற்றனவாக்குகிறது. இதனை 2003இல் வெளிப்படுத்திய ஆய்வுக் குழுவில் முதன்மையான ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற அனந்த் கருமாஞ்சி. சென்ற நூற்றாண்டில் இந்நோயைச் சூற்காலத்து நச்சேற்றம் என்னும் பொருள்படும் பெயரால் மேலை மருத்துவர் வழங்கினர். அந்த நஞ்சு யாது என்று அவர்களால் காட்ட முடியவில்லை; பின்னர் அப்பெயரையே கைவிட்டனர். இன்று காட்டப்படும் பொருள் வெளியிலிருந்து வந்த நஞ்சன்று. நலமான சூலிலும் அளவோடு சுரப்பதே முன்நோயில் அளவிறந்து சுரக்கிறது. ஆகவே 'நஞ்சுக்கொடியிலுள்ள நஞ்சு தாயைக் கொல்கிறது' என்று எழுதுவது செய்தியைப் பழங்கதையாக்கிவிடும்.

குறுமையின் வேலை

இனிக் குறு ஆர்.என்.ஏ.வுக்கு வருவோம். மைக்ரோ என்பதை நுண் என்று பெயர்ப்பாரும் உளர். குறு என்பாரும் உளர். ஆர்.என்.ஏ. எதுவாயினும் கண்ணுக்குத் தெரியாத நுண்மை உடையதே. இவ்வகையைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டுவது அதன் குறுமை. செய்தி ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகளால் ஆகியிருக்க, இது ஏறத்தாழ 22 எழுத்துகளே உடையது. ஆதலின் குறு என்பதே பொருந்திய அடை.

மரபணுவில் உள்ள குறிப்பைப் படியெடுத்துச் செல்வது செய்தி ஆர்.என்.ஏ.; அதனைப் படித்து உயிரணு புரதம் செய்கிறது. குறு ஆர்.என்.ஏ. தானாக எந்தப் புரதத்தையும் செய்விப்பதில்லை. தனக்கு ஒத்த எழுத்துகள் அமைந்த செய்தியின் இறுதிப் பகுதியில் போய்ப் படிந்து, அச்செய்தி படிக்கப்படுவதைக் குறைக்கிறது. அல்லது செய்தியே விரைவில் சிதையச் செய்கிறது. 1993இல் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவரும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவொன்றில் இதனை முதன்முதற் கண்டபோது, புழுவுக்கு மட்டும் உரிய விந்தை என்றே பலர் எண்ணினர். 2000இல் மனிதர் உட்படப் பல உயிர்களிலும் பொதுவாயுள்ள இன்னொன்று வெளிப்பட்டபின் எண்ணம் மாறியது. மனிதரிடம் இத்தகையன ஆயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன.

இதனை விளக்குவோர் 'மரபணுவை அணைக்கும் பொத்தான்' என்று எழுதுவதுண்டு. இவ்வுவமை இரு வகையால் பிழைபடும். அணைக்கப்படுவது மரபணு அன்று, அதன் செய்தி. அச்செய்தியும் முற்றாக அணைவதில்லை, குறைகிறது. தமிழாசிரியர்க்கு இதைவிட நல்ல உவமை கையிலேயே இருக்கிறது. ககர மெய்யின் தலையில் வைக்கும் புள்ளி தனக்கென ஒலியில்லாதது. எனினும் அகரத்தை ஒலியாமற் செய்கிறது. முதல் நிலையில் மாணவர்க்கு இது போதும். அடுத்த நிலையில் குற்றியலுகரத்தைக் காட்டலாம். ஆங்கு உகரம் அழிவதில்லை. நின்ற இடத்தின் சார்பால் ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைகிறது. குறு ஆர்.என்.ஏ.வின் வேலையும் பெரும்பாலும் இத்தகைய குறைப்பே. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதன் பயன் இங்கே விளங்கும்.

முன்நோய் கொண்ட மகளிரின் நஞ்சுக்கொடியில் மிகுந்து காணப்படுவது மிர்-210 என்பது. மிர் என்பது குறு ஆர்.என்.ஏ.வைக் குறிக்கும் சுருக்கம். 2007இல் இது தெரிவிக்கப்பட்டது; பின்வந்த பல ஆய்வுகளிலும் அது மீண்டும் மீண்டும் தென்பட்டது. உயிர்வளி குறைந்த உயிரணுவில் இது பெருகும். பெருகியபின், உயிரணு உயிர்வளியைப் பயன்கொள்ளும் வழிகளைக் குறைக்கும். நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் முன்னேறிப் புகும் ஆற்றலையும் அது தளர்த்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின.

மற்றொன்று நம் குடும்ப வழக்குக்கே பாடமாகத் தக்கது. 19ஆம் குரோமோசோமில் குறு ஆர்.என்.ஏ.க்கள் கூட்டமாக அமைந்த பகுதி ஒன்று உண்டு. நஞ்சுக்கொடியில் மிகுதியாக இயங்கும் அக்கூட்டம், தந்தையிடமிருந்து வந்த படியிலிருந்து மட்டுமே இயங்குகிறது. பிள்ளைப்பேற்றில் தீங்கு நேர்ந்தால் மருமகளின் ராசியையும் அவள் பிறந்த வீட்டையும் பழிக்கும் வாய்கள் இன்றும் மூடவில்லை. நஞ்சுக்கொடி இருவர் வழியும் சேர்ந்து உண்டாக்கிய உறுப்பு என்பதை அறிந்தவர், ஒருத்தியை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றார். தந்தைமேல் பழியை மாற்றுவதும் அறிவன்று. நோய்க்குப் பழி கூறல் என்பதே பொருந்தாத செயல்.

காரணமா, அடையாளமா?

கட்டுரைகள் பெரிதும் வழுவும் இடம் இதுவே. 'மிகுந்து காணப்பட்டது' என்று ஆய்வாளர் எழுதியதை, 'இதனால் நோய் வருகிறது' என்று பெயர்ப்பவர் எழுதிவிடுகிறார். வினைச்சொல் ஒன்று மாறியது, அறிவியலே மாறிப்போயிற்று.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவி வளர்ந்த தலைமுறைக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பால் வெட்டச் சென்றவர் வெறும் வாளியோடு முன்னதாகவே திரும்பினால், காட்டில் மழை பிடித்துக்கொண்டது என்று வீட்டிலிருப்போர் அறிவர். வெறும் வாளி மழைக்கு அடையாளம், காரணம் அன்று. காரணம் அல்லாதது என்பதற்காக அந்த அடையாளம் பயனற்றதும் அன்று. மிர்-210ஐயும் இவ்வாறே முதற்கண் நோக்கவேண்டும். உயிர்வளி குறைந்ததால் அது பெருகியது என்பது உறுதி. பெருகியபின் அதுவே தீங்கை வளர்க்கிறது என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள. நோயின் முதற்காரணம் அதுவே என்பதற்கோ சான்று போதாது. நஞ்சுக்கொடி பெரும்பாலும் பேற்றுக்குப் பின்னரே ஆய்வாளர் கைக்குக் கிடைக்கிறது. அப்போது நோய் முற்றியிருக்கும். முற்றிய இடத்தில் எது முந்தியது, எது பிந்தியது என்று பிரித்தறிவது அரிது.

நஞ்சுக்கொடியினின்று குறு ஆர்.என்.ஏ.க்கள் சிறு குமிழிகளில் அடங்கித் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை அளந்தால், நோய் வெளிப்படும் முன்னரே அறியலாம் என்னும் நம்பிக்கை நியாயமானதே. ஆயின் ஓர் ஆய்வில் உயர்ந்தது மற்றோர் ஆய்வில் உயரவில்லை. இரத்தம் எடுத்த வாரம் வேறு. முந்தித் தோன்றும் நோயும் பிந்தித் தோன்றும் நோயும் கலந்துவிட்டன. ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. எடுத்த இரத்தத்தில் சிவப்பணு சிதைந்தால் அதிலுள்ள குறு ஆர்.என்.ஏ.க்களும் கலந்து அளவைக் கெடுக்கும். ஆதலின் கருவுற்ற மகளிர்க்கு வழக்கமாகச் செய்யும் சோதனைகளுள் இது இன்னும் இடம்பெறவில்லை. 'ஒரு துளி இரத்தத்தால் முன்கூட்டியே அறியலாம்' என்று தலைப்பிடுவது வாராத பொருளை வந்ததாகக் கூறுவதாகும்.

முன்னர்க் கூறிய புரதமோ அந்நிலையைக் கடந்துவிட்டது. எஸ்.எஃப்.எல்.டி.-1க்கும் நஞ்சுக்கொடியின் வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதம் 38க்கு மேற்படவில்லையானால், ஐயத்துக்குரிய ஒருத்திக்கு அடுத்த ஒரு வாரத்துள் முன்நோய் தோன்றுவது அரிது என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. சில நாடுகளில் அச்சோதனை மருத்துவமனைக்கே வந்துவிட்டது. ஆய்வகத்தில் நிற்பது எது, மருத்துவமனைக்கு வந்தது எது என்று பிரித்துச் சொல்லுதல் எழுதுவோர் கடமை.

உப்பும் கொதிப்பும்

நூலோர் சொற்களைக் குறை கூறிய நாம், மக்கள் சொற்களையும் அவ்வாறே நோக்க வேண்டும். கருவுற்றவளின் சிறுநீரில் புரதம் கழிவதை 'உப்பு இருக்கிறது' என்பது பேச்சுவழக்கு. கழிவது உப்பன்று, முட்டையின் வெண்கருவிலுள்ளதற்கு இனமான ஆல்புமின். உப்பு என்று கேட்டவள் கஞ்சியில் உப்பைக் குறைத்து, வேண்டியதைச் செய்துவிட்டதாக அமைதி கொள்கிறாள். முன்நோயைத் தடுப்பதற்காக உப்பைக் குறைக்குமாறு பரிந்துரைப்பதற்கில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2011இலேயே கூறிவிட்டது.

'இரத்தக் கொதிப்பு' என்பதும் இத்தகையதே. கொதிப்பு என்றதும் சினமும் சூடும் நினைவுக்கு வருகின்றன. அமைதியான பெண்ணுக்குக் கொதிப்பு எங்கிருந்து வரும் என்று கேட்பவரும், இளநீர் குடித்தால் தணிந்துவிடும் என்று சொல்பவரும் உண்டு. மலாயில் 'டாரா திங்கி' என்பதைக் கேட்டு இரத்தம் மிகுந்துவிட்டதாக எண்ணுவோரும் உளர். அழுத்தம் என்னும் சொல்லை நீர்க்குழாயைக் காட்டி விளக்கினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். மேல் அளவு 140, கீழ் அளவு 90 என்னும் எல்லையைத் தொட்டாலே சூற்காலத்தில் அது மிகை என்பதையும், அவ்வளவில் உடம்பில் எந்த வேறுபாடும் தோன்றாமலே இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய தமிழ் நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், பேறுகால மருத்துவ நூலொன்றை 1857இலேயே 'பிரசவ வைத்தியம்' எனத் தமிழில் வெளியிட்டார். 1864 முதல் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அந்த மரபு தொடரவில்லை. சென்னை எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் சூல்வலிப்புக்கு ஆளான பெண்களிடம் கற்றதைக் கிருஷ்ண மேனன் 1961இல் உலகுக்கு எழுதியது ஆங்கிலத்தில். அவரும் இலட்சுமணசுவாமி முதலியாரும் எழுதிய பேறுகால மருத்துவ நூலும் ஆங்கிலமே. தமிழ்ப் பெண்களின் உடலிலிருந்து உலகம் அறிவு பெற்றது. அவ்வறிவு அவர்கள் மொழிக்குத் திரும்பி வரவில்லை. நம் குறை கலைச்சொல் இன்மை மட்டுமன்று. அறிவைத் திரும்பக் கொண்டுவருவோர் இன்மையே பெருங்குறை.

கட்டுரை முடிவில் நிற்கவேண்டுவது

குறு ஆர்.என்.ஏ. பற்றிய கட்டுரை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனைப் படிக்கும் தாய்க்கு இன்று பயன்படுவன வேறு. இரத்த அழுத்த அளவும் சிறுநீர்ச் சோதனையும் தவறாமை முதலாவது. நோய்க்கு ஆளாகக்கூடியவர் என்று மருத்துவர் கருதும் பெண்கள் அவர் சொற்படி சிறிதளவு ஆஸ்பிரின் உண்பது இரண்டாவது. 2017இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே இனங்காணப்பட்ட பெண்களுக்கு நாள்தோறும் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, முப்பத்தேழாம் வாரத்துக்கு முன் பேறு நிகழ்த்தவேண்டி வரும் முன்நோய் நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6ஆகக் குறைந்தது. மூன்றாவது மக்னீசியம் சல்பேட்டு. அது வலிப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 2002இல் நிறுவப்பட்டது. இவை யாவும் மருத்துவமனையை நேரத்தோடு அடைந்தவர்க்கே கிட்டும்.

நம் நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் தாய்நலப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் அழுத்தத்துக்கும் சிறுநீருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள. இடர் மிகுதியைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிறக் குறிகளும் உள. சிரம்பானிலோ பகாவிலோ உள்ள கிளினிக்கில் தாதி எழுதித்தந்த அந்த எண்களைப் பெண்கள் தாமே படித்தறிதல் வேண்டும். கருவுற்ற தாய்மாரும் அவர்தம் மாமியாரும் பள்ளிக்கு வரும் நாள்கள் பல. அந்நாள்களில் தமிழாசிரியர் இதனைச் செய்ய வல்லார். பாடத்திட்டம் இதற்குத் தடையன்று.

எழுதுவோர்க்கு இறுதியாக ஒன்று கூறுவேன். கட்டுரையின் கடைசிப் பத்தியை எதிர்கால வியப்புக்கு ஒதுக்காமல், இவ்வரிகளுக்கு ஒதுக்குக. தீராத தலைவலி, கண் மங்குதல், கண்முன் ஒளிப்பொறி பறத்தல், மேல்வயிற்றில் வலப்புற விலாவடியில் நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், மூச்சுத் திணறல், வயிற்றுப் பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திராமல் அன்றே, அப்போதே மருத்துவமனை சேர்க. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வரையிலும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது இயல்புதான். முகம் வீங்குவதை அவ்வாறு எண்ணி இருந்துவிடல் கூடாது. இவ்வரிகள் இல்லாத கட்டுரை, அறிவியலிற் பிழையற்றதாயினும், தாய்மாரைப் பொறுத்தவரை முற்றுப்பெறாத கட்டுரையே.